பேத்தியின் நூல்களோடு ஒரு குளிர்காலம்

இக்குளிர்காலத்தில் நாம் வாசித்து முடித்த நூல்கள் ஒன்பது. அவற்றுள் ஒன்றேனும் எமது வயதினருக்காக எழுதப்பட்டதன்று. அறுபதைத் தாண்டிய ஒருவர், ஸ்தொவ்னர் நூலகக் கிளையின் சிறுவர் பகுதியில், பிள்ளைகளுக்கென இட்ட தாழ்ந்த ஆசனத்தில் முழங்கால் மடிய அமர்ந்து வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்ட நூலகப் பணியாளர் ஒருவர், முதல்நாள், 'யாருக்காகவேனும் காத்திருக்கிறீர்களா?' என்று வினவினார். ஆம் என்றோம். உண்மையும் அதுவே. ஒன்பது வயதான எமது பேத்தி பாடசாலை முடிந்து வரும்வரைதான் காத்திருந்தோம். ஆயினும் அவள் வந்த பின்பும் அந்த நூலை மூடி வைக்க எமக்கு மனம் வரவில்லை என்பதை அப்பணியாளரிடம் எவ்வாறு சொல்வது?

பேத்தியின் தாயார், அதாவது எமது மகள், மருத்துவமனையொன்றில் பணிபுரிகிறாள். அவளுக்கு மாலைப்பணி உள்ள நாட்களில் பிள்ளை எம்மிடம் வருவாள். பாடசாலை வாசலில் தோழிகளின் முன்னிலையில் நாம் அவளுக்கு 'மூர்ஃபார்'. வீட்டுக் கதவைத் திறந்ததும் 'அம்மப்பா'. இவ்விரு சொற்களையும் பற்றி நாம் முப்பத்தைந்து ஆண்டுகளாக எண்ணிப் பார்த்ததேயில்லை. மூர் என்றால் தாய், ஃபார் என்றால் தந்தை. தாயின் தந்தை மூர்ஃபார், தாயின் தாய் மூர்மூர், தந்தையின் தாய் ஃபார்மூர். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போகும் உறவுகளை யாழ்ப்பாணத்தாரும் நோர்வேஜியரும் ஒரே முறையிலேயே பிரித்து அழைக்கின்றனர். அம்மம்மா என்பதை நோர்வேஜிய மொழியில் ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மூர்மூர் என்பதன்றி வேறெதுவும் வராது. இதை எமக்குக் கற்பித்தது எந்த மொழி வகுப்புமல்ல. பேத்தி உரக்க வாசித்த ஒரு கதைப்புத்தகமே.

அந்தப் புத்தகத்துக்கு வருமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளில் எமது மகள் சிறுமியாக இருந்தபோது அவளது நோர்வேஜிய நூல் ஒன்றையேனும் நாம் திறந்து பார்க்கவில்லை. வீட்டில் நோர்வேஜிய மொழி பேசினால்தான் பிள்ளை முன்னேறும் என்று ஓர் ஆசிரியர் எமக்கு அறிவுரை கூறியிருந்தார். அன்று பல பெற்றோருக்கும் கூறப்பட்ட அறிவுரைதான். அந்தச் சினத்தில் நாம் எமது வீட்டுக்கு ஒரு சட்டம் வகுத்தோம். கூடத்தில் தமிழ் நூல்கள் மட்டும். நோர்வேஜிய நூல்கள் அவளது அறைக்குள். சட்டம் செவ்வனே நிறைவேறியது. மகள் தமிழும் கற்றாள். ஆனால் அவள் அந்த அறைக்குள் யாரோடு சிரித்தாள், யாருக்காக அழுதாள் என்பது எமக்குத் தெரியாமலே அவள் வளர்ந்துவிட்டாள். பேத்தியிடம் அதே பிழையைச் செய்வதில்லை என்று தீர்மானித்தே இவ்வாசிப்பைத் தொடங்கினோம்.

முதலில் வாசித்தது மரியா பார் எழுதிய 'வாஃபெல்யார்த்த'. 2005 ஆம் ஆண்டு வெளியான இது அவரது முதல் நூல். 'வாஃபல் இதயம்' எனலாம். இந்நாட்டில் வாஃபல் அச்சு ஐந்து இதயங்கள் கூடிய வட்டமாக இருப்பதை யாவரும் அறிவோம். எமது ஒன்றுகூடல்களில் வடையோடும் றோல்ஸோடும் அதுவும் அருகிருந்து விலைபோவதால் எமது வீட்டில் அதற்கு 'இதயத் தோசை' என்று பெயர்.

கதை நிகழ்வது மேற்குக் கரையோரத்தில் கற்பனையான ஒரு சிற்றூரில். திரில்லெ என்ற ஒன்பது வயதுச் சிறுவன். அடுத்த வீட்டு லேனா. லேனாதான் தனது உற்ற தோழி என்பதில் அவனுக்கு ஐயமில்லை. அவளுக்குத் தான் அவ்வாறுதானா என்று கேட்கமட்டும் துணிவில்லை. லேனாவுக்குத் தந்தை இல்லை. ஆகவே தந்தை தேவையென்று அவள் விளம்பரம் எழுதி ஒட்டுகிறாள். நோவாவின் பேழை கேட்ட மறுநாள் இருவரும் படகொன்றில் கண்ட விலங்குகளையெல்லாம் ஏற்றுகின்றனர். நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அடுப்படியிலிருந்து எமது மனைவி எட்டிப் பார்த்தார்.

இந்நூல் நீநொர்ஷ்க் வடிவில் எழுதப்பட்டது. நோர்வேஜிய மொழிக்கு எழுத்து வடிவங்கள் இரண்டு என்பதை எம்மவர் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈவர் ஓசன் ஊரூராய் நடந்து கிராமியப் பேச்சுகளைத் திரட்டி அமைத்த வடிவமே நீநொர்ஷ்க். ஒஸ்லோப் பிள்ளையான எமது பேத்திக்கு அது தடுக்கியது. எமக்கோ வியப்பாக இருந்தது; அவளை விடச் சில இடங்களில் நாம் இலகுவாக வாசித்தோம். காரணம் பின்னர்தான் புலப்பட்டது. நாம் இம்மொழியை முதலிற் கற்றது வகுப்பறையில் அன்று. எண்பதுகளின் இறுதியில் ஃபின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலையொன்றில், கத்தியும் கையுறையுமாக நின்று கற்றோம். 'என்ன' என்பதற்கு ஒஸ்லோவில் 'வா' என்பர். வடக்கில் 'கா' என்பர். இந்நூலில் அது 'க்வா' என்றிருந்தது. ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் எமது 'கா'வைக் கேட்டுச் சிலர் நகைத்ததால் அதை வாயிலிருந்து துடைத்துவிட்டோம். அச்செழுத்தில் அதன் உறவுச் சொல்லைக் கண்டபோது பழைய தோழனைப் புகையிரத நிலையத்தில் கண்டாற்போல் இருந்தது. பேத்தியும் நாமும் மாறி மாறிப் பொருள் சொன்னோம். ஆசிரியரும் மாணவரும் யார் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறியது.

கதையில் 'தாந்த ஃபார்மூர்' என்றொரு மூதாட்டி வருகிறார். திரில்லெயின் தந்தைக்கு அத்தை முறையானவர். வாஃபல் சுடுவதில் நிகரற்றவர். 'தமிழில இவவை எப்பிடிக் கூப்பிடுறது அம்மப்பா?' என்று பேத்தி கேட்க, நாம் தடுமாற, எமது மனைவி உள்ளிருந்தபடியே 'மாமி அப்பம்மா' என்று தீர்ப்பளித்தார். அப்பாவின் மாமி, பேரப்பிள்ளைக்கு அப்பம்மா நிலை. இதனிலும் பொருத்தமான மொழிபெயர்ப்பு இருக்குமென நாம் நினைக்கவில்லை.

அந்த மாமி அப்பம்மா நூலின் நடுவே இறந்து போகிறார். மரியா பார் அவ்விறப்பை மறைக்கவுமில்லை. வானத்து நட்சத்திரமாக்கிப் பூசி மெழுகவுமில்லை. பிள்ளைகள் அழுகின்றனர், முதியவரான பாட்டனார் துயருறுகிறார், நாட்கள் நகர்கின்றன. பேத்தி புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு, 'உங்கட அம்மா செத்த நேரம் நீங்கள் எங்க இருந்தனீங்கள்?' என்று கேட்டாள். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பின், வன்னியில் எமது தாயார் காலமான செய்தி தொலைபேசியில் வந்தது. அன்று நாம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதோம். அப்போது மகளுக்கு இந்தப் பேத்தியின் வயதுதான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு எதற்கு என்றிருந்தோம். பேத்திக்குச் சொன்னோம். அவள் சற்றுநேரம் இருந்துவிட்டு, தொடர்ந்து வாசித்தாள்.

அடுத்து நாம் எடுத்தவை பழைய நூல்கள். ஆன-கத்தரீனா வெஸ்ட்லியை (1920–2008) அறியாத நோர்வேஜியக் குடும்பம் அரிது. 1957 இல் வந்த அவரது 'எட்டுச் சின்னவர், இரண்டு பெரியவர், ஒரு லொறி' என்ற நூலில் பத்துப்பேர் ஒஸ்லோ நகரின் ஒரு சின்னஞ்சிறு வீட்டில் வாழ்கின்றனர். தந்தைக்கு ஒரு லொறி. அதுவே குடும்பத்தின் சொத்து. அந்த லொறி களவு போகிறது. ஊரிலிருந்து மூர்மூர் வந்து இவர்களோடு சேர்கிறார். எண்பதுகளில் ஓரறை வீட்டில் எட்டுத் தமிழ் இளைஞர்கள் முறைவைத்து உறங்கிய காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இக்கதையில் அந்நியமான வரி ஒன்றும் இராது. இந்நாட்டவரும் இடமின்றிப் படுத்தவர்களே என்பதை இந்நாட்டுப் பேரறிஞர் எவரும் எமக்குச் சொன்னதில்லை. ஒரு சிறுவர் நூல் சொல்லிற்று.

ஆனால் எம்மை உண்மையாகவே நிலைகுலைய வைத்தது வெஸ்ட்லியின் மற்றொரு நூல், 1966 இல் வெளிவந்த 'எஸ்எட் கட்டடத்து அவுரோறா'. நகரின் புறத்தே புதிதாய் எழுந்த அடுக்குமாடித் தொகுதியொன்று. ஒஸ்லோவில் அத்தகைய துணைநகர்கள் 1951 இல் லம்பர்ட்செத்தரில் தொடங்கின. நாம் வாழும் குறூறுத்தாலன் பள்ளத்தாக்கின் மாடிகளும் அவ்வழியே வந்தவை. அவுரோறாவின் தாய் சட்டத்தரணி. காலையில் வேலைக்குச் செல்கிறார். தந்தை வீட்டிலிருந்து தமது ஆய்வேட்டை எழுதியவாறு சமைக்கிறார், துவைக்கிறார், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறார். அயலார் வியப்போடு பார்க்கின்றனர், கேள்வி கேட்கின்றனர். அப்பா ஏன் வேலைக்குப் போவதில்லை என்ற வினா சிறுமி அவுரோறாவை வருத்துகிறது. 1966 இல் நோர்வேயிலேயே இது வழமைக்கு மாறான காட்சி.

இந்நூலைப் பேத்தியோடு வாசித்துக்கொண்டிருந்த மாலையில் மகள் வேலை முடிந்து வந்தாள். அட்டையைக் கண்டதும் காலணியைக் கழற்றாமலே நின்றுவிட்டாள். பிறகு, 'அப்பா, நான் சின்னனில இந்தப் புத்தகத்தை எத்தினை தரம் வாசிச்சனான் தெரியுமே? அதில வாற அப்பா நீங்கள்தான் எண்டு நினைச்சனான்' என்றாள்.

வாசகர்கள் இவ்விடத்தில் எமது நிலையைச் சிறிது விளக்க அனுமதிக்க வேண்டும். வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்குக் குடிபெயர்ந்த பின் இரண்டாண்டு காலம் எமக்கு வேலை கிடைக்கவில்லை. எமது மனைவி விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யச் செல்வார். நாம் வீட்டில் நின்று சமைத்தோம், மகளின் தலையை வாரினோம், மகனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பனியில் தள்ளினோம். எதிரே தமிழர் எவராவது வந்தால் வீதியின் மறுகரைக்கு மாறிவிடுவோம். ஊரில் ஆண்பிள்ளையாய் வளர்ந்தவனுக்கு அது பெருத்த அவமானமாகப் பட்டது. மகளும் எம்மையிட்டு வெட்கினாள் என்றே முப்பதாண்டுகளாக நம்பியிருந்தோம். அவளோ, மூடிய கதவுக்கு அப்பால், கட்டிலில் சாய்ந்தபடி, தன் தந்தையை ஒரு கதையின் நல்ல மனிதராகக் கண்டிருக்கிறாள். அந்நூல் எமது வீட்டுக்குள்ளேயே, பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு நாளாவது கதவைத் தட்டி, 'என்ன வாசிக்கிறாய் பிள்ளை?' என்று கேட்டிருந்தால் அவ்விரண்டாண்டுகளும் எமக்கு இவ்வளவு கசந்திரா.

எல்லா நூல்களும் இவ்வாறு நெஞ்சைத் தொட்டன என்று கூறிவிட முடியாது. துர்பியோன் எக்னர் 1955 இல் எழுதிய ஏலக்காய் நகரத்துக் கதை இந்நாட்டின் செல்லப்பிள்ளை. மூன்று திருடர், அன்பே உருவான ஒரு காவல் தலைவர், பிறரைத் துன்புறுத்தாதிருந்தால் மற்றபடி விரும்பியவாறு வாழலாம் என்னும் நகரச் சட்டம். பிடிபட்ட திருடர் திருந்தி, ஒருவர் தீயணைப்புத் தலைவராகிறார், ஒருவர் சர்க்கஸ் நடத்துகிறார், ஒருவர் பாண் சுடுகிறார். பேத்திக்கு இது முழுதும் இயல்பான உலகம். எமக்கோ, சீருடை அணிந்தவர் கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் பக்கங்களில் வாசிப்பு இடறியது. சீருடையின் காலடி கேட்டுப் பின்வேலியால் பாய்ந்த தலைமுறை அல்லவா? கதை சற்று இனிப்பு மிகுந்தது என்பதும் எமது கருத்து. எனினும், காவற்காரரைக் கண்டு சிரிக்கும் பிள்ளையொன்று எமது குடும்பத்தில் வளர்கிறது என்பதை எண்ணி அந்த இனிப்பைப் பொறுத்துக்கொண்டோம்.

இளையோர் நூல்களைத் தந்தவன் பேத்தியின் தமையன், பதினாறு வயது. தங்கையோடு மட்டும் வாசிக்கிறீர்களா என்று ஒருநாள் இடித்துரைத்துவிட்டு, செஷான் ஷாக்கார் எழுதிய 'தாந்த உல்ரிக்கஸ் வை' நூலை எமது மடியில் போட்டான். 2017 இல் வெளியாகி, சிறந்த முதல்நூலுக்கான தார்யை வேசோஸ் பரிசைப் பெற்ற நாவல். பெயர் ஸ்தொவ்னரில் உள்ள ஒரு வீதியின் பெயர். எமது வீட்டிலிருந்து நடைதூரம். வயதுவந்தோருக்கான நாவலாக வெளிவந்தபோதும் இளையோர் இதைத் தமதாக்கிக்கொண்டனர். ஆய்வு நிறுவனமொன்று குறூறுத்தாலன் இளைஞரின் வாழ்வைப் பதிவு செய்கிறது. மோ என்பவன் எழுதி அனுப்புகிறான், ஜமால் என்பவன் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிறான். மோ படிப்பில் சிறந்தவன். ஜமால் பள்ளியில் தரிக்க முடியாதவன். நோயுற்ற தாயையும் தம்பியையும் பார்க்க வேண்டியவன். மோவின் மொழி இலக்கண சுத்தமானது. ஜமாலின் மொழி எமது தொடருந்து நிலையங்களில் கேட்கும் கலப்பு மொழி.

நாம் மோவையே விரும்புவோம் என்று பேரன் எதிர்பார்த்தான் போலும். முதல் நூறு பக்கங்களில் அவ்வாறுதான் இருந்தது. எமது பிள்ளைகளுக்கு நாம் காட்டிய வழி மோவின் வழி: படி, புள்ளி எடு, மருத்துவராகு, பொறியியலாளராகு. ஆனால் அந்த வழியில் சென்ற மோ அடையும் தனிமையை ஷாக்கார் எழுதும் விதம் எம்மை உறங்கவிடவில்லை. 'உங்கட காலத்தில ஜமால் மாதிரிப் பெடியளோட சேராதேங்கோ எண்டுதானே அம்மாட்டைச் சொன்னனீங்கள்?' என்று பேரன் கேட்டான். ஆம், சொன்னோம். அவ்வாறு சொன்ன வீடுகளுள் எமதும் ஒன்று.

அவன் தந்த மற்ற இரண்டில், மரியா நவார்ரோ ஸ்காராங்கர் 2015 இல் எழுதிய சிறு நாவல் றொம்ஸோஸ் பகுதிச் சிறுமி ஒருத்தியின் நாட்குறிப்புப் போன்றது. 'வெளிநாட்டார் எல்லாரும் திரைச்சீலையை மூடியே வைத்திருக்கிறார்கள்' என்பது தலைப்பின் பொருள். வாசித்த மாலை எழுந்து சென்று எமது கூடத்துத் திரைச்சீலையைப் பார்த்தோம், மூடியிருந்தது. நூலின் கலப்பு மொழி எமக்குக் கடினமாக இருந்ததால் அதன் நகைச்சுவையிற் பாதியைப் பேரன் விளக்கியே அறிந்தோம். குல்றைஸ் ஷரீஃப் 2020 இல் எழுதிய 'ஹூர் ஹாரா' அதனிலும் துணிவானது. கோடை விடுமுறையில் பாகிஸ்தானிலிருந்து சித்தப்பா வருகிறார். பதினைந்து வயது மஹ்மூத் அவருக்கு ஒஸ்லோவைச் சுற்றிக் காட்டுகிறான். இடையே, தான் உள்ளத்தால் ஆண்பிள்ளை அல்ல என்று அவனது தம்பி வெளிப்படுத்துகிறான். குடும்ப மானம், அயலார் பேச்சு, தம்பிமேல் பாசம் ஆகிய மூன்றுக்கும் நடுவே நிற்கும் அண்ணனின் குரல் கொச்சையானது, ஆனால் நேர்மையானது. எமது சமூகத்திலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. அவர்களைப் பற்றி நாம் கதைப்பதில்லை.

தமிழில் இப்படிப்பட்டவை உண்டா என்று பேரன் கேட்டதற்கு விடையாகவே மீதி இரு நூல்களையும் தருவித்தோம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சாகித்திய அகாதமியின் 2020 ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பெரியவர் ஒருவரின் தகாத தொடுகையால் அச்சமுற்ற சிறுமிக்கு மரப்பொம்மை ஒன்று பேசித் துணிவூட்டுகிறது. எமது இளமையில் இவ்விடயத்தைத் தமிழிற் பிள்ளைகளுக்கு எழுத எவரும் முன்வந்ததை நாம் கண்டதில்லை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023 இல் அதே பரிசைப் பெற்றது. கீழடிக்குச் செல்லும் சிறுவன் ஒருவனைப் பழந்தமிழர் காலத்துக்கே கொண்டு செல்கிறது. பேத்திக்கு நாமே உரக்க வாசித்தோம். கீழடியின் பானையோட்டுக் கீறல்களைப் படத்தில் காட்டியபோது அவள் கண் விரிந்தது. ஆனால் தமிழகத்து வீட்டுப் பேச்சும் பாடசாலை வழக்கங்களும் அவளுக்கு வாஃபல் இதயத்தின் மேற்குக்கரையை விடத் தொலைவாக இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். கொழுக்கட்டையும் கூழும் அவளுக்கு விளங்கும். ஆடிப்பிறப்புக்குப் பாடசாலை விடுமுறை என்பதுதான் விளங்குவதில்லை.

றொம்மன் நிலையத்தில் இறங்கி, பனிச்சப்பாத்தோடு தமிழ்ப் பள்ளிக்கு ஓடி, ஒரு வீட்டில் மூர்ஃபாரும் அம்மப்பாவும் ஒருவரேயான பிள்ளையின் கதை தமிழில் இன்னும் எமது கைக்கு எட்டவில்லை. இந்நாட்டில் 1965 இல் நிறுவப்பட்ட அரச பண்பாட்டு மன்றம், புதிதாய் வரும் நூல்களைச் சிறுவர் நூல்கள் உட்பட விலைக்கு வாங்கி நாடெங்கும் நூலகங்களுக்கு வழங்குகிறது. ஆகவே ஐம்பத்தைந்து இலட்சம் அளவே மக்கள் பேசும் மொழியில் ஒரு மரியா பார் எழுதி வாழ முடிகிறது. எமக்கு அத்தகைய மன்றமில்லை. ஆயினும் மண்டப வாடகைக்கும் மலர்மாலைக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு போதும், ஆண்டுக்கொரு சிறுவர் நூல் அச்சேற. எழுத வேண்டியவர் நாமல்லர். மோவையும் ஜமாலையும் போல் இங்கு வளர்ந்து, இன்று முப்பதிலும் நாற்பதிலும் இருக்கும் எமது பிள்ளைகளே. அவர்கள் நோர்வேஜிய மொழியில் எழுதினாலும் நாம் வாசிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இப்போது எமது கூடத்துச் சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. ஒன்பது நூல்களும் அங்கேதான் கிடக்கின்றன. சென்ற ஞாயிறு பேத்தி வாஃபல் இதயத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குச் சென்றாள். நோர்வேஜிய மொழியில் ஒரு பந்தி கண்ணால் வாசிப்பாள். பிறகு நிமிர்ந்து அதைத் தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்வாள். லேனா தந்தைக்கு விளம்பரம் எழுதும் இடம். 'அம்மம்மா, அந்தப் பிள்ளை கடையில கடதாசி ஒட்டுறா, தனக்கு ஒரு அப்பா வேணுமாம்.' எமது மனைவி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, 'ஐயோ, பிறகு? ஆரும் வந்தவையே?' என்று கேட்டார். நாம் கூடத்திலிருந்து விடை சொல்ல வாயெடுத்தோம். 'அம்மப்பா, நீங்கள் சும்மா இருங்கோ' என்றாள் பேத்தி.